எரிந்த வரிசையில் ஒரு ஊர்: கோபன்ஹேகனை இரண்டு தடவை நடந்த கதை

ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே இடங்கள், அடுத்தடுத்த இரண்டு நாட்கள். முதல் நாள் படுதோல்வி. இரண்டாம் நாள் அப்பாவே "இன்னும் கொஞ்சம் போலாமா" என்று கேட்கும் அளவுக்கு நன்றாகப் போனது. நடுவில் மாறியது நடந்த வரிசை மட்டும்தான். வழிகாட்டி இல்லாமல், கையில் கைபேசியோடு ஒரு பழைய ஊரைத் தாங்களே நடந்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவலாம் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், சொதப்பியதையும் சேர்த்து.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பாதி வேலை அப்பாவுடையது. அவர் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் மயிலாடுதுறை, பொறையாறு, தரங்கம்பாடி, காரைக்கால் பக்கம். வலது முழங்காலில் வலி உண்டு, படி என்றால் முகம் சுளிப்பார், சமதரையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார். 2025 மே கடைசியில் என்னோடு டென்மார்க் வந்தார். தலைநகருக்கு எங்களிடம் இருந்தது இரண்டே நாள், திங்களும் செவ்வாயும்.

திங்கட்கிழமை: செயலி சொன்னபடி

கைபேசியில் ஒரு பயணச் செயலியை இறக்கி வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். அது ஊரின் முக்கிய இடங்களை அதிகம் பேர் பார்த்தது எது என்ற கணக்கில் வரிசைப்படுத்தித் தந்தது, நானும் அதை நடக்கும் வரிசை என்று எடுத்துக்கொண்டேன். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

முதலிடம் கடற்கன்னி சிலை. ஊரின் வடக்குக் கோடியில், தண்ணீர் ஓரத்தில் ஒரு பாறைமேல் இருக்கிறது. 1913இல் வைத்தது, உயரம் 1.25 மீட்டர். நாங்கள் போனபோது அதைச் சுற்றி நாலு பேருந்துக் கூட்டம். இரண்டாமிடம் நீஹவுன், அதாவது வண்ண வண்ண வீடுகள் வரிசையாக நிற்கும் அந்தக் கால்வாய். அங்கே போகிற வழியிலேயே அமாலியன்போர்க் அரண்மனை வருகிறது. ஆனால் பட்டியலில் அது ஐந்தாவது என்பதால் அதைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனோம்! இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

நீஹவுனிலிருந்து துறைமுகப் பாலம் தாண்டி கிறிஸ்டியான்ஸ்ஹவுன். அங்கே வோர் ஃப்ரெல்சர்ஸ் தேவாலயம், அதன் கோபுரத்தின் வெளிப்புறத்தில் சுழன்று சுழன்று ஏறும் படிக்கட்டு. மொத்தம் 400 படி, கடைசி 150 திறந்த வெளியில். அப்பா கீழே உட்கார்ந்துகொள்வார், நான் ஏறலாம் என்று திட்டம். காற்று பலமாக இருந்ததால் கோபுரத்தை மூடியிருந்தார்கள். சரி என்று மறுபடி அதே பாலம், அதே காற்று, அங்கிருந்து மேற்கே ரோஸன்போர்க் கோட்டை, அதைப் பார்த்துவிட்டு மறுபடி கிழக்கே அமாலியன்போர்க். காவலர் மாற்றம் பகல் 12 மணிக்கு. நாங்கள் போனது ஒன்றேகாலுக்கு. அப்புறம் கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனைக் கோபுரம். இலவசம், மின்தூக்கி உண்டு என்று அப்பாவுக்கு ஆசை காட்டி அழைத்துப் போயிருந்தேன். திங்கட்கிழமை விடுமுறை.

இதற்கிடையில் சைக்கிள். இந்த ஊரில் சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவில் சைக்கிளுக்கென்று தனித் தடம் இருக்கிறது, நடைபாதையைவிட ஒரு விரற்கடை தாழ்வாக, அவ்வளவுதான் வித்தியாசம். புகைப்படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து அதில் கால் வைத்தேன். மணிச்சத்தம், ஒரு திட்டு, சட்டையை உரசிக்கொண்டு போன ஒரு கைப்பிடி. அப்பா என் தோளைப் பிடித்து இழுத்து, "ரோட்டப் பாத்து நில்லுடா, படத்த அப்புறம் எடுக்கலாம்" என்றார். வாழ்நாள் முழுக்க ஓட்டுநராக இருந்தவர் பக்கத்தில் நின்றுகொண்டு இப்படி மாட்டிக்கொள்வது தனி அவமானம்.

கைபேசி 23,000 அடி காட்டியது. பார்த்தது ஒன்பது இடம், அதில் இரண்டு மூடியிருந்தன. ராத்திரி அறையில் ரொட்டியும் ஊறுகாயும் சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "பழைய ஊரு, எண்ணூறு வருசத்து ஊருன்னு சொன்னியே. எதுவுமே அவ்வளவு பழசா தெரியலயே. எல்லாம் ஒரே சமயத்துல கட்டுன மாதிரில இருக்கு?"

நான் ஏதோ பராமரிப்பு நன்றாக இருக்கிறது என்று சமாளித்தேன். அவர் தூங்கிய பிறகு அந்தக் கேள்வி குடைந்தது. மே மாதம், ஒன்பதரை மணிக்கு மேல்தான் இருட்டவே செய்கிறது, எனக்குத் தூக்கமும் இல்லை. எந்தக் கட்டடம் எந்த வருஷம் என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன்.

ஒரு தாளில் ஏழு வருஷம்

எழுதி முடித்தபோது விடை கண்ணெதிரே இருந்தது. இந்த ஊர் திரும்பத் திரும்ப எரிந்திருக்கிறது. 1728இல் மூன்று நாள் எரிந்தது. நகரத்தில் கால்வாசிக்கும் மேல், பழைய இடைக்காலப் பகுதியில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. 1794இல் கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனை. அடுத்த ஆண்டே, 1795 ஜூனில், கடற்படைக் கிடங்கில் பிடித்த தீ ஊருக்குள் புகுந்து 900க்கும் மேற்பட்ட வீடுகளைச் சாப்பிட்டது. 1807 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை ஊரைச் சுற்றி நின்று குண்டும் எறிகணையும் வீசி எரித்தது. டென்மார்க்கின் போர்க்கப்பல்கள் நெப்போலியன் கைக்குப் போய்விடக்கூடாது என்று அவர்களுக்குப் பயம். 1884இல் மறுபடி அரண்மனை. 1992இல் அரண்மனைத் தேவாலயம். 2024இல் பழைய பங்குச்சந்தைக் கட்டடம்.

அப்பா சொன்னதில் தப்பே இல்லை. நாங்கள் பழைய ஊர் என்று பார்த்ததில் பெரும்பகுதி, பழைய ஊர் எரிந்த இடத்தில் அவசரமாகவும் ஒரே அச்சிலும் எழுப்பியது. அப்படியானால் புகழ் வரிசை, தூர வரிசை எல்லாம் வேண்டாம், எரிந்த வரிசையில் நடந்து பார்த்தால் என்ன? வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன். வருஷம் அப்படியே அச்சுப்பிசகாமல் வராது, ஆனால் மேற்கே நகர மன்றத்தில் ஆரம்பித்துக் கிழக்கே போனால் 1728, 1807, 1795, அரண்மனைத் தீக்கள் என்று ஓரளவு ஒழுங்காகவே விழுகிறது. போன வழியில் திரும்பவே வேண்டியதில்லை. நான்கு கிலோமீட்டர் சுற்று, பெரும்பாலும் சமதரை. கடற்கன்னியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

செவ்வாய்: மெழுகுவர்த்தியிலிருந்து

ஒன்பதரைக்கு நகர மன்றச் சதுக்கம். செங்கல்லில் எழுந்து நிற்கும் மன்றம் 1905இல் முடிந்தது, அந்த ஊர்க்கணக்கில் நேற்றுக் கட்டியது, அதில் நேரம் செலவழிக்கவில்லை. எங்களுக்கு வேண்டியது அந்தச் சதுக்கத்தின் இடம். அங்கேதான் பழைய மேற்கு வாசல் இருந்தது. 1728 அக்டோபர் 20 மாலை, அந்த வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் மெழுகுவர்த்தியால் தீப்பிடித்தது. அந்த வீட்டுக்காரர்கள் பழியைத் தங்கள் ஏழு வயது மகன் மேல் போட்டார்கள் என்று பதிவாகியிருக்கிறது. மரச்சட்டமும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள், குறுகலான சந்துகள், நல்ல காற்று. 23ஆம் தேதி காலை வரை எரிந்தது. அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, "நேத்து அடிச்ச காத்து மாதிரின்னா நிக்காதுடா" என்றார். நேற்றைய காற்றுக்கு முதல் தடவையாக ஒரு பயன்.

அங்கிருந்து ஸ்ட்ரோயெட். 1962இல் வண்டிகளை நிறுத்தி நடப்பவர்களுக்கென்று விட்ட கடைத்தெரு, சுமார் 1.1 கிலோமீட்டர். கடைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எந்த ஊரிலும் இருக்கும் கடைகள். ஐந்து நிமிஷத்தில் தெரு இரண்டு பக்கமும் அகன்று சதுக்கமாகிறது. இடப்பக்கம் கம்மல்டோர்வ், அதாவது பழைய சந்தை. வலப்பக்கம் நீடோர்வ், புதிய சந்தை. நடுவே இரண்டையும் பிரித்துக்கொண்டு ஒரு காலத்தில் நகர மன்றம் நின்றது. 1728இல் எரிந்தது, திரும்பக் கட்டினார்கள், 1795இல் மறுபடி எரிந்தது, இதற்குமேல் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதன் சுவர்கள் இருந்த கோட்டைத் தரைக்கல்லில் வேறு நிறத்தில் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால்தான் தெரியும். முந்தின நாள் இதே கல்லைத் தாண்டித்தான் போயிருக்கிறோம்.

அப்பா அந்தக் கோட்டின் மேலேயே காலடி வைத்து நடந்து அளந்தார். ஒரு கட்டத்தில் காபிக்கடை நாற்காலி ஒன்று குறுக்கே வந்தது. அதில் உட்கார்ந்திருந்த அம்மாள் காரணம் கேட்காமல் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். நீடோர்வின் பக்கத்தில் பெரிய தூண்கள் வைத்த நீதிமன்றம், சி. எஃப். ஹான்சன் என்ற கட்டடக்கலைஞர் எழுப்பியது, 1815இல் முடிந்தது. எரிந்த நகர மன்றத்துக்கு மாற்றாகவும் 1905 வரை இதுதான் இருந்தது. நெற்றியில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது: சட்டத்தால் நாட்டைக் கட்ட வேண்டும் என்று பொருள், 1241ஆம் ஆண்டு யூட்லாந்துச் சட்டத்தின் முதல் வரி.

அதே ஹான்சன்தான் அடுத்து வரும் வோர் ஃப்ரூ பேராலயத்தையும் கட்டினார். 1728இல் எரிந்து, எழுந்து, 1807இல் மறுபடி எரிந்தது. மூன்று இரவு குண்டுவீச்சில் அதன் உயரமான ஊசிக்கோபுரம் குறி வைக்க வசதியாக இருந்திருக்கிறது. அது விழுந்தது. ஹான்சன் திரும்பக் கட்டியபோது ஊசி வைக்கவில்லை, மேலே தட்டையாக முடித்துவிட்டார். உள்ளே தோர்வால்சன் செதுக்கிய கிறிஸ்துவும் பன்னிரண்டு சீடர்களும் வெள்ளைவெளேர் என்று நிற்கிறார்கள். அலங்காரம் குறைவு, எனக்குக் கொஞ்சம் வெறிச்சென்று பட்டது. அப்பாவுக்குப் பிடித்திருந்தது, பத்து நிமிஷம் உட்கார்ந்தார். முழங்காலும் காரணமாக இருக்கலாம்.

அடுத்து கிரோப்ரோட்ரடோர்வ் என்ற சின்னச் சதுக்கம், அந்தப் பெயரை நாலு தடவை சொல்லிப் பார்த்தும் அப்பாவுக்கு வரவில்லை, "கல்லுத்தெரு" என்று வைத்துவிட்டார். இங்கே 1728 தீக்குப் பிறகு வரிசையாகக் கட்டிய வீடுகள் இருக்கின்றன. கூரைக்கு நடுவில் முக்கோண முகப்பு, மஞ்சள், சிவப்பு, சாம்பல் நிறம். தீவீடுகள் என்றே டேனிஷில் இவற்றுக்குப் பெயர். ஊரே கூரையில்லாமல் நிற்கும்போது சீக்கிரம் கட்டி முடிக்க ஒரு மாதிரி வரைபடம் போட்டு எல்லோருக்கும் அதையே கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே சமயத்தில் கட்டின மாதிரி இருக்கிறது என்றாரே, அதற்கு நேரடி விடை இந்தச் சதுக்கம்தான். அந்தத் தீயின் கையோடு 1731இல் ஊருக்கென்று தீக்காப்பீட்டு நிறுவனமும் வந்தது.

பத்தரை மணிக்கு வட்டக் கோபுரம். இது நான்காம் கிறிஸ்டியன் கட்டியது, 1642இல் முடிந்தது. இந்த ஊரில் எதைத் தொட்டாலும் இந்த ராஜா வருவார். கோபுரத்தின் உள்ளே படி கிடையாது. செங்கல் பாவிய சரிவுப் பாதை ஏழரைச் சுற்றுச் சுற்றி மேலே போகிறது, 209 மீட்டர் நீளம். உச்சியில் வானாய்வுக் கூடம், நடுவில் பல்கலைக்கழக நூலகம் என்பதால் கனமான கருவிகளையும் புத்தகங்களையும் ஏற்றிக்கொண்டு போக இந்த ஏற்பாடு. 1716இல் ரஷ்ய மன்னர் பீட்டர் இதில் குதிரையோடு ஏறினார் என்று கதை உண்டு. அப்பாவுக்கு அதைவிட 1902இல் ஒரு மோட்டார் கார் ஏறியது என்ற செய்திதான் பிடித்தது. சுவரோரம் ஒரு பக்கமாக, நடுத்தூணோரம் ஒரு பக்கமாக நடந்து பார்த்தார். "உள்ளாற ஒட்டிப் போனா ஏத்தம் கூட. வெளிப்பக்கமா பிடிச்சுப் போவணும். முதல் கியர்லயே ஏத்திருப்பான்." கடைசியில் மட்டும் கொஞ்சம் குறுகல் படி, அதையும் ஏறிவிட்டார்.

நூலகக் கூடம் பாதிவழியில் இருக்கிறது, இப்போது கண்காட்சி நடக்கிறது. 1728இல் கோபுரச் சுவர் நின்றது, ஆனால் உள்ளே இருந்த புத்தகங்களில் பெரும்பாலானவை சாம்பல். பக்கத்துத் தெருவில் ஆர்னி மாக்னுசன் என்ற ஐஸ்லாந்துப் பேராசிரியர் குடியிருந்தார். ஐஸ்லாந்து முழுக்க அலைந்து தோல்சுவடிகளைச் சேர்த்தவர். தீ வந்துகொண்டிருந்தபோது கையில் அகப்பட்ட சுவடிகளை வண்டியில் ஏற்றிக் காப்பாற்றினார். தோல்சுவடிகளில் பெரும்பகுதி தப்பியது, அச்சு நூல்கள் போயின. அடுத்த ஒன்றரை வருஷத்துக்குள் அவரும் இறந்துவிட்டார். சுவடி தேடி அலைந்தவர்கள் கதை நமக்கும் தெரிந்ததுதான் என்பதால் அந்தக் கூடத்தில் கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றேன். அவர் சேர்த்த சுவடிகளில் ஏறக்குறைய பாதி 1971இலிருந்து ஐஸ்லாந்துக்கே திரும்பியது.

உச்சியில் சுற்றிலும் இரும்புக் கிராதி. அதில் முடி சூட்டிய ஒரு எழுத்து, 'சி' உள்ளே நாலு, அதாவது நான்காம் கிறிஸ்டியன். அப்பா விரலால் தடவிப் பார்த்து, "இது நம்ம தரங்கம்பாடில இருக்குடா. சர்ச்சு நெத்தியில. கிரீடம், கீழ எழுத்து, ஒரு நாலு" என்றார். எனக்கு நினைவில்லை. தரங்கம்பாடியைக் கட்டியதும் இதே ராஜாதான், அப்படியானால் அதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

வெட்டிய முனைகள்

இந்த நடையின் சிறந்த அரைமணி நேரம் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு தெருமுனையில் கழிந்தது.

வட்டக் கோபுரத்திலிருந்து தெற்கே இறங்கி, அமாயர்டோர்வ் சதுக்கத்தில் 1616ஆம் ஆண்டுச் செங்கல் வீடு ஒன்றைப் பார்த்தோம். இப்போது பீங்கான் கடை, எல்லாத் தீயிலும் தப்பிய ஒரு சிலவற்றில் ஒன்று, வளைந்த முகப்பும் கல் அலங்காரமுமாகச் சுற்றியிருக்கும் எதனோடும் ஒட்டாமல் நிற்கிறது. அதைத் தாண்டி நிக்கோலாய் தேவாலயத்தைச் சுற்றிய சந்துகளுக்குள் நுழைந்தோம். 1795இல் எரிந்த பகுதி இது. தேவாலயமும் எரிந்தது, கோபுரம் மட்டும் நின்றது. பிறகு கொஞ்ச காலம் அந்தக் கோபுரத்தில் ஆள் வைத்து ஊரில் எங்கே புகை வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள். இப்போது கலைக்கூடம்.

நான் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த முக்கெல்லாம் ஏன் வெட்டியிருக்கு?"

அப்போதுதான் பார்த்தேன். நாலு தெரு கூடும் இடத்தில் நாலு வீடுகளுக்கும் கூர்முனை இல்லை. கேக்கின் ஓரத்தைக் கத்தியால் சாய்த்து வெட்டினது போல, ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்து நிற்கும் அகலத்துக்குச் சாய்வாகச் சுவர். அந்தச் சாய்ந்த சுவரிலும் சன்னல், சிலதில் கடைவாசல். நாலும் சேர்ந்து சந்திப்பு எட்டுப்பட்டையாகத் தெரிகிறது. அடுத்த சந்திப்பிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

அழகுக்காக இருக்கும் என்றேன். அப்பா சட்டையே பண்ணவில்லை. நடுவில் போய் நின்று, இரண்டு கையிலும் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு இடப்பக்கமாகத் திருப்பினார். "நீள வண்டி வந்தா பின்பக்கம் இடிக்கும். முக்க வெட்டுனாத்தான் திரும்பும். எதோ பெரிய வண்டிக்காக வெட்டியிருக்கான்." ஒரு தபால்காரப் பெண் சைக்கிளில் வந்தவர் இவரைச் சுற்றி வளைந்து போனார்.

அறைக்குத் திரும்பித்தான் சரிபார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. 1795 தீக்குப் பிறகு போட்ட கட்டட விதி அது: முனை வீடுகளைச் சாய்த்துக் கட்ட வேண்டும், தீயணைப்பவர்களின் நீளமான ஏணி வண்டிகள் தெருவுக்குத் தெரு திரும்ப வேண்டும். எரிந்தபோது அவை திரும்ப முடியாமல் நின்றிருக்கின்றன. வண்டி ஓட்டினவர் கண்ணுக்கு அரை நிமிஷத்தில் அகப்பட்டது, மூன்று வழிகாட்டி நூல் படித்த என் கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. "வெட்டு, வெட்டு, இது வெட்டல, இது பழசு" என்று எண்ணிக்கொண்டே வந்தார். இதில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும்: அந்த வழக்கம் பின்னால் வந்த கட்டடங்களுக்கும் தொற்றிக்கொண்டதால் வெட்டிய முனை எல்லாம் 1795ஐ ஒட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது, வெட்டாத முனை எல்லாம் அதற்கு முந்தியது என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குத்துமதிப்புக்கு நன்றாகவே வேலை செய்கிறது. பக்கத்தில் இருக்கும் ஹொய்ப்ரோ சதுக்கமும் அந்தத் தீயின் பிள்ளைதான். அங்கே முன்பு வீடுகள் நெருக்கியடித்து நின்றன, எரிந்த பிறகு அந்த மனைகளில் கட்டாமல் வெட்டவெளியாக விட்டுவிட்டார்கள். இன்று அதில் ஊரை நிறுவிய பிஷப் அப்சலோன் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார், கீழே ஆட்கள் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்.

அரண்மனைத் தீவு

ஹொய்ப்ரோ பாலம் தாண்டினால் ஸ்லொட்ஸ்ஹோல்மன், அரண்மனைத் தீவு. அப்சலோன் 1167இல் கோட்டை கட்டிய இடம், அதன் இடிபாடு இப்போதைய அரண்மனைக்கு அடியில் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். மேலே நிற்பது மூன்றாவது கிறிஸ்டியான்ஸ்போர்க். முதலாவது 1794இல் எரிந்தது, இரண்டாவது 1884இல். மூன்றாவதை இருபதாம் நூற்றாண்டில் கட்டினார்கள், நாடாளுமன்றம் இதில்தான். 1884இல் இரண்டாவது அரண்மனை எரிந்தபோது பக்கத்தில் இருந்த தேவாலயம் தப்பியது. தப்பித்த அது 1992இல் தனியாக எரிந்து, 1997இல் திரும்பத் திறக்கப்பட்டது.

செவ்வாய் என்பதால் கோபுரம் திறந்திருந்தது. பையைச் சோதித்துவிட்டு மின்தூக்கியில் விட்டார்கள். 106 மீட்டர் உயரம். மேலே நின்று கிழக்கே பார்த்தால் சாரமும் மறைப்பும் சுற்றிய ஒரு நீளக் கட்டடம்.

அதுதான் பொர்சன், பழைய பங்குச்சந்தை. நான்காம் கிறிஸ்டியன் 1620களில் வணிகர்களுக்காகக் கட்டியது. நாலு டிராகன்களின் வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஊசியாக மேலேறும் ஒரு கோபுரம் அதற்கு இருந்தது. அந்த டிராகன்கள் கட்டடத்தைத் தீயிலிருந்து காக்கும் என்று ஊரில் சொல்வார்கள், உண்மையிலேயே 1728, 1795, 1807 எதுவும் அதைத் தொடவில்லை. நானூறு வருஷத்தை ஒட்டிப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது 2024 ஏப்ரல் 16 காலை தீப்பிடித்து, வால்கோபுரம் முறிந்து தெருவில் விழுந்தது. இரண்டு நாள் கழித்து வெளிச்சுவரில் ஒரு பகுதியும் சரிந்தது. எரியும்போதே உள்ளே ஓடி ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் தீயணைப்பு வீரர்கள் மட்டுமல்ல, வழியில் போன பொதுமக்களும் இருந்தார்கள். கைபேசியில் அந்தக் காணொளியை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு படத்தைப் பல பேர் சேர்ந்து சந்தில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். "சப்பரம் தூக்குற மாதிரி" என்றார்.

கீழே இறங்கி அதன் ஓரமாக நடந்தோம். தரங்கம்பாடிக் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. இந்தச் சந்தையை எழுப்பிய அதே ராஜா, அதே ஆண்டுகளில், 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார். அதன் கப்பல்களோடு போன ஓவே யெட்டே 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, தரங்கம்பாடிக் கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். நாயக்கர் இந்த ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் எழுதியனுப்பிய கடிதம் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

அப்பா தரங்கம்பாடி நிறுத்தத்தில் எத்தனை ஆயிரம் தடவை வண்டியை நிறுத்தினார் என்று அவருக்கே கணக்கு இல்லை. கோட்டைக்குள் போனது இரண்டு தடவை, இரண்டும் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு. "மிளகு வாங்க இவ்வளவு தூரமாடா வந்தான்" என்று மட்டும் கேட்டார். வேலிப்பக்கம் போய், எரிந்த சுவரையும் புதிதாக அடுக்கிய செங்கல்லையும் சந்து வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஹோல்மன்ஸ் தேவாலயம், நங்கூரம் அடிக்கும் பட்டறையாக இருந்ததை 1619இல் கடற்படைக்காரர்களுக்கான கோவிலாக மாற்றியது. நெருப்பு வைத்து வேலை செய்த இடம், எந்தத் தீயிலும் எரியவில்லை. நீஹவுனில் மறுபடி கூட்டம். 1670களில் சுவீடன் போர்க்கைதிகளை வைத்து வெட்டிய கால்வாய், சாப்பாட்டு விலையைப் பார்த்துவிட்டுக் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்தோம். கடைசியில் அமாலியன்போர்க். நேற்று தாண்டிப்போன அதே இடம், இன்று காரணத்தோடு. நாலு அரண்மனைகள் எண்கோணச் சதுக்கத்தைச் சுற்றி நிற்பதைப் பார்த்து ராஜாவுக்கு எதற்கு நாலு வீடு என்று நேற்று அப்பா கேட்டிருந்தார். அவை பிரபுக்கள் நால்வர் தங்களுக்குக் கட்டிக்கொண்டவை. 1794இல் கிறிஸ்டியான்ஸ்போர்க் எரிந்து குடும்பம் தெருவுக்கு வந்ததும் ராஜா இவற்றை வாங்கிக் குடியேறினார். தற்காலிகம் என்று வந்தவர்கள், இன்னும் இருக்கிறார்கள். நடுவில் குதிரைமேல் ஐந்தாம் ஃபிரெடெரிக், 1771இல் வைத்த வெண்கலச் சிலை. செலவு ஆசியக் கம்பெனியுடையது, சீனத்திலும் தரங்கம்பாடியிலும் வியாபாரம் பண்ணிய கம்பெனி. "அப்ப இதுல நம்ம ஊர்க் காசும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா சிலையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

கணக்கு

செவ்வாய் 13,000 அடி. பன்னிரண்டு இடம், நேற்றைவிட மூன்று கூட, திரும்பி நடந்த தூரம் பூஜ்யம். இருந்தாலும் எல்லாம் சரியாகப் போனது என்று சொல்ல மாட்டேன். வட்டக் கோபுரம், அரண்மனைக் கோபுரம் இரண்டையும் ஒரே நாளில் வைத்தது முழங்காலுக்கு அதிகம். ஏதாவது ஒன்று போதும், சரிவுப்பாதை வேண்டுமா மின்தூக்கி வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். உருண்டைக்கல் பாவிய சந்துகளில் மெல்லிய செருப்பு போட்டுப் போனால் பாதத்தில் ஒவ்வொரு கல்லும் தெரியும். காலையில் ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் காவலர் மாற்றத்துக்குப் போய்ச் சேர முடியாது. அது வேண்டுமென்றால் இந்தச் சுற்றைத் தலைகீழாகத் திருப்பி, 12 மணிக்கு அமாலியன்போர்க்கில் ஆரம்பித்து நகர மன்றத்தில் முடிக்கலாம், மே ஜூனில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. டிசம்பரில் மூன்றரை மணி சுமாருக்கே இருட்டிவிடும், அப்போது இந்தத் திட்டம் உதவாது. திங்கட்கிழமையைத் தவிர்க்கவும். ரோஸன்போர்க்கை இதோடு சேர்க்க வேண்டாம், அதற்குத் தனியாக அரைநாள் வேண்டும்.

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து அப்பா தரங்கம்பாடியிலிருந்து அழைத்தார். பேருந்து ஏறி, அதுவும் பயணியாக, வேலை மெனக்கெட்டுப் போயிருக்கிறார். புதிய எருசலேம் ஆலயத்து வாசலில் நின்றுகொண்டு பேசினார். "கிரீடம் இருக்கு, நாலு இருக்கு. ஆனா எழுத்து 'சி' இல்லடா, 'எஃப்' மாதிரில இருக்கு. நீ தப்பாச் சொல்லிட்ட."

பார்த்தேன். அது நான்காம் ஃபிரெடெரிக். சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியவர், 1718இல் அந்த ஆலயம் எழும்போது டென்மார்க்கில் ஆண்டவர். 1728இல் கோபன்ஹேகன் மூன்று நாள் எரிந்தபோதும் ராஜா அவர்தான்.